வெளிவரிசையில் நடந்து வா

கௌலூன்,
1945 அக்டோபர்

அன்பு மகன் விங்-சாங்குக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், ஒருவரோடொருவர் சண்டை போடும் தெம்பு கூட திரும்பிவிட்டது. நீயும் காய்ச்சல், காயம் ஏதுமில்லாமல் இருக்க வேண்டும்.

படையோடு எல்லையை நோக்கி நடக்கிறோம், ஊருக்குள் விடுவார்களா தெரியவில்லை என்று நீ எழுதியது அரிசிப் படகுக்காரர் கையில் வந்து சேர்ந்தது. இங்கே நடந்ததைக் கேள். ஜப்பான்காரன் சரணடைந்தான் என்று ரேடியோ சொன்ன அன்றைக்கே நம் கஞ்சிக் கடையில் அடுத்த யுத்தம் ஆரம்பித்துவிட்டது. ஹாங்காங் எங்களுக்குத்தான் என்று சுங்கிங்கில் இருக்கும் நம் சீன அரசு சொல்ல, முன்பு எங்களிடம்தானே இருந்தது என்று லண்டன் சொல்ல, அப்பாவும் மருந்துக்கடை லோக் மாமாவும் ஆளுக்கொரு பக்கம். "இங்கிலீஷ்காரன் வந்தாத்தான்யா கப்பல் பட்டறை தொறக்கும், எனக்கு வேலை கெடைக்கும்" என்று அப்பா. "அன்னைக்கு ஜப்பான்காரன்கிட்ட நம்மள விட்டுட்டுக் கையத் தூக்குனவன், இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றான்?" என்று லோக் மாமா. மேசையைத் தட்டியதில் ஒரு கிண்ணம் போச்சு. நான் லோக் மாமா கட்சி. சுங்கிங் படை ஊரை எடுத்தால் அதில் நீ வருவாய், அவ்வளவுதான் என் அரசியல். கடைசியில் இங்கிலீஷ் கப்பல்கள்தான் வந்தன. தெருவெல்லாம் பட்டாசு, நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். "ஊரே சிரிக்குது, நீ ஒருத்திதான்டி அழுவுற" என்று கேலி செய்த அப்பாவும் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்று காலை லோக் மாமா பேப்பரை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு அரசாங்கத்தாரும் பேசி முடித்துவிட்டார்களாம். ஊர் இங்கிலீஷ்காரனுக்கு, ஆனால் சீனப் படை கௌலூன் வழியாக நடந்து போய் வடக்கே கப்பல் ஏறலாமாம். உன் படைப்பிரிவும் அதில் இருக்கிறது. "தங்கச்சி, உன் மவன் நம்ம கடை வாசல்லதான் நடந்து போகப் போறான்!" என்று கத்தினார். நான் கரண்டியோடு தெருவுக்கு ஓடிவிட்டேன், கஞ்சி அடிப்பிடித்துவிட்டது, தீய்ந்த கஞ்சியையும் இன்று எல்லோரும் சிரித்துக்கொண்டே குடித்தார்கள்.

யாரும் வரிசையை விட்டு விலகக் கூடாதாமே. அதனால் அதிகாரியிடம் கெஞ்சியாவது வெளிவரிசையில் இடம் வாங்கு, துறைமுகத்தைப் பார்த்து நடக்கும்போது இடது பக்கம். நான் குள்ளம், நீ உள்ளே நடந்தால் எனக்குத் தெரியாது. போகும்போது உனக்கு மீசை கூட அரும்பவில்லை, இப்போது எந்த முகத்தைத் தேடுவேன்? நீதான் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் கொடியைப் பிடிப்பது என்று அப்பாவுக்கும் லோக் மாமாவுக்கும் இப்போதே தகராறு. நான் கொடி பிடிக்க மாட்டேன், கஞ்சிக் கரண்டியைத் தூக்கிப் பிடித்திருப்பேன். அதைக் கண்டதும் மெதுவாக நட, செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொல்லிக் குனிந்துகொள். பஞ்சுச் சட்டை தைத்து வைத்திருக்கிறேன், ஓடிவந்து உன் தோளில் போட்டுவிடுவேன். யுத்தம்தான் முடிந்துவிட்டதே, வடக்கே எதற்கு என்று லோக் மாமாவைக் கேட்டேன். "அங்க நம்ம ஆளுங்களுக்குள்ளேயே, கம்யூனிஸ்ட்காரனோட சண்டையாம், தங்கச்சி" என்று அவர் பேப்பரை மடித்துவிட்டார்.

நம் முன்னோர்கள் உன் கூடவே நடந்து வரட்டும். இடது பக்கம், வெளிவரிசை, மறந்துவிடாதே.

கரண்டியோடு வாசலில் நிற்கும்
உன் அம்மா