சுன்வா தருவதாகச் சொன்ன கிருமிகள்

தோர்ஷான்,
அக்டோபர் கடைசி

அன்பு மகள் ரன்வாவுக்கு அம்மா எழுதுவது. கோபன்ஹேகனில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் இப்போதும் என் முதல் கவலை. அப்பாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம். ஆடுகளை மலையிலிருந்து இறக்கி, அறுத்து, இறைச்சியைக் காற்றில் உலரத் தொங்கவிட்டாயிற்று. எனக்குத்தான் பெருங்குடல் புண் திரும்பிவிட்டது, மறுபடி ரத்தமாகப் போகிறது. குடலில் இருக்கவேண்டிய நல்ல கிருமிகள் குறைந்துவிட்டன, உடம்பின் எதிர்ப்பு சக்தி மிச்சமிருப்பவற்றையும் பகையென்று நினைத்து அடிக்கிறது, அடி விழுவது குடல் சுவரில் என்றார் டாக்டரம்மா. நோயில்லாத ஒருவரின் மலத்திலிருந்து கிருமிகளை எடுத்து என் குடலில் விட்டுப் பார்க்கலாம், ஆராய்ச்சிதான், பலிக்கும் என்று உறுதி சொல்லமுடியாது என்றார். ஆடறுத்த அன்று சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள், பிறகு என் தங்கையைப் பார்த்தார்கள். உன் சித்தி சுன்வாதான், "நான் தர்றேன்க்கா, என்கிட்ட நீ வாங்காதது அது ஒண்ணுதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கே உனக்குப் போன் செய்து சொன்னேன். நீ, சித்தியா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, நல்லதும்மா என்றாய்.

போன வாரம் பரிசோதனை முடிவைச் சொல்ல எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். சுன்வாவுடையதை எடுக்கமுடியாது, அவள் குடலிலும் அழற்சி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு இவள் ஆமென்று தலையாட்டினாள். எத்தனை வருடம் என்னைக் குத்திக்காட்டினாள், எதைத் தின்றாலும் உனக்கு ஒரு நோவு, எனக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கிறது என்று. நானும் என் வாய்தான் காரணம் என்று நம்பிப் பாலை விட்டேன், மீனை விட்டேன். காரில் ஏறியதும், பிறகு எதற்கடி தருகிறேன் என்றாய் என்று கேட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள், டெஸ்டில் எப்படியும் கழித்துவிடுவார்கள் என்று நினைத்தேன் என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ரன்வாவுக்குத் தெரியும்க்கா. நான் கோபன்ஹேகன் போயிருந்தப்ப அவதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா" என்றாள்.

சித்திக்கு வாக்குக் கொடுத்திருப்பாய். நோயாளியைக் கவனித்ததற்காக உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவளுடைய கிருமியை என் உடம்பில் விடப்போகிறார்கள் என்று நான் சந்தோஷமாகச் சொன்னபோது, வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஆஸ்பத்திரிக்காரர்கள் சோதிக்காமல் விட்டிருந்தால்? யாரோ ஒரு அந்நியருக்கு என்மேல் இருந்த அக்கறை நான் பெற்றவளுக்கு இல்லாமல் போயிற்று. சுன்வா நேற்று சூப் கொண்டுவந்தாள். வாங்கி வைத்தேன், உள்ளே வா என்று சொல்லவில்லை.

நம் குடும்பத்தில் இந்த நோய் இப்போது இரண்டு பேருக்கு. வயிற்றில் கொஞ்சம் கோளாறு என்றாலும் நீ உடனே போய்க் காட்டு, மறைக்காதே. கம்பளிக் காலுறை தனியாக அனுப்புகிறேன், போட்டுக்கொள். கொஞ்ச நாள் போனை அப்பாதான் எடுப்பார். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் போய்விடும், அது இப்போதைக்குப் போகவேண்டாம்.

கடவுள் உன்னை நோயின்றி வைக்கட்டும்.

உன் அம்மா
மார்யுன்