பிரதிவாதி அசோக் குமார்

ஜூன் 18
சாரல் ஆரம்பித்ததிலிருந்து ரிசார்ட்டில் அறை காலியில்லை. ரிசப்ஷனில் நின்றபடியே சாப்பிட்டேன். முதலாளி மந்திரமூர்த்தி அண்ணாச்சி கூப்பிட்டுத் திட்டித் தீர்த்தார், என்னை இல்லை. குற்றாலத்து விடுதிகள் வாய்க்காலில் கழிவுநீர் விடுவதை ஏதோ ஒரு இணையதளம் எழுதுகிறதாம். எங்கள் விளம்பரப் படத்தையும் பின்பக்கத்து வாய்க்கால் நுரையையும் சேர்த்துப் போட்டிருக்கிறதாம். "எவன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்."
எவன் என்றுதான் கேட்கிறார். போட்டவள் எதிரிலேயே நிற்கிறேன்.

ஜூன் 21
தளத்துக்கு இடம் தரும் கம்பெனியிடமிருந்து மெயில். என் விவரம் கேட்டு அண்ணாச்சி வழக்குப் போட்டிருக்கிறாராம். தென்காசிக்கு ஓடினேன். ஷிஃபா என்னோடு படித்தவள், இப்போது வக்கீல்.
"காப்பிரைட்டுன்னு படத்தச் சாக்கு வச்சிருக்காரு. ஏட்டி, அவருக்கு வேண்டியது ஒம் பேருதான். குறை சொல்லதுக்குத்தான படத்தப் போட்ட? அதுக்குச் சட்டத்துல எடமிருக்கு. பேரச் சொல்லாமலே வாதாடிப் பாப்போம்."
பிரதிவாதி பெயர் அசோக் குமார் என்றிருந்தது. ஆள் தெரியாத வழக்கில் இந்தப் பெயரைத்தான் வைப்பார்களாம். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஜூன் 26
வக்கீல் அனுப்பிய வழக்கு நகல் இன்றுதான் அண்ணாச்சி கைக்கு வந்தது. பெயரைப் பார்த்தவர் நேரே ஜெனரேட்டர் ரூமுக்குப் போனார். எங்கள் எலக்ட்ரீஷியன் பெயர் அசோக் குமார். கடவுளே.
"ஏலே, இங்கன தின்னுட்டு எங்களையே போட்டோ எடுக்கியோ?" போனைப் பிடுங்கிக்கொண்டார்.
"அண்ணாச்சி, அது ஆள் தெரியாட்டி கோர்ட்ல வைக்குத பேரு," என்றேன்.
"வக்கீலும் அப்பிடித்தான் சொல்லுதாரு. சும்மாவா அந்தப் பேரப் போடுவாங்க? ஆமா, ஒனக்கு எப்பிடித் தெரியும்?"
எங்கேயோ படித்தேன் என்றேன்.

ஜூன் 27
அசோக் வீட்டைக் காலி பண்ண வேண்டுமாம். ரிசார்ட் கொடுத்த வீடு. பெண்டாட்டி நிறைமாதம்.

ஜூன் 28
ஷிஃபா பேசாமல் இரு என்கிறாள். பேசாமல்தான் இருக்கேன். சொன்னா வேலை போகும், கேஸ் என் தலையில விழும். சொல்லாட்டி — அவ அந்த வயித்தோட எங்க போவா? நல்லா மாட்டிக்கிட்டேன்.

ஜூன் 29
சொல்லிட்டேன்.

ஜூலை 3
ஷிஃபா ஆபீசில் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். வழக்கில் இனி என் பெயர்தான். வேலை போய்விட்டது. அசோக் வேலையிலும் அந்த வீட்டிலும் இருக்கிறான். மதியம் போன் செய்தான்.
"எக்கா, ஒங்க சேர்ல அண்ணாச்சிதான் உக்காந்திருக்காரு. ஒங்க தளத்த முதல்ல இருந்து படிக்காரு."
"என்ன சொல்லுதாரு?"
"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."
எனக்கும்தான். சாயங்காலம் வாய்க்காலுக்குப் போய்ப் பார்த்தேன். நுரை அப்படியே இருந்தது. அதைத் தளத்தில் எழுதி, கீழே என் பெயரை, சுகந்தி என்று போட்டேன்.