மூன்றில் இரண்டு கிளி

நேற்று மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். இயந்திரத்திலிருந்து வந்த தாள் கைக்கு இளஞ்சூடாக இருந்தது. அந்த மையின் கருகல் வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். மடியில் ஒரு கட்டு நகல் தாள், கொண்டையில் செருகிய பென்சில், மெட்ரோவில் என் பக்கத்து இருக்கை.

"உங்களுக்குக் கணக்கு வருமா?" என்றுதான் முதலில் கேட்டாய். அல்சூரில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறி பீன்யாவுக்கு வேலைக்குப் போகிறவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. என் அடையாள அட்டையில் 'தரப் பரிசோதனை' என்று இருந்ததைப் பார்த்துத் துணிந்தாயாம். நீ கல்லூரியில் சமஸ்கிருதம் நடத்துகிறவள். பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய கணித நூல் ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தாய். செய்யுள் உனக்குப் புரிந்தது, உள்ளே இருந்த கணக்கு புரியவில்லை. எனக்கு அதுவே தலைகீழ். பீன்யா வருவதற்குள் ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் நீ அடுத்ததோடு காத்திருந்தாய்.

அப்படி இரண்டு வருஷம் போயிற்று. 'நீங்க' என்பது எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே தெரியாது. பின்னத்தை வகுக்கத் தலைகீழாக்கிப் பெருக்கு என்று எனக்குப் பள்ளியில் அடித்துச் சொன்ன அதே விதி, அந்தப் பழைய செய்யுளில் அப்படியே இருந்தது. நான் வாயைப் பிளந்தேன். நீயோ, "எனக்கு அது அப்பவும் புரியல, இப்பவும் புரியல" என்றாய். ஒரு கூட்டல்கூட நீயாகப் போட்டதில்லை. "எண்ணைப் பார்த்தாலே எனக்குத் தூக்கம் வரும்" என்பாய்.

பிறகு அந்தக் கிளிக் கணக்கு வந்தது. ஒரு கிளிக்கூட்டத்தில் பாதி மாமரத்துக்குப் போயிற்று, ஐந்தில் ஒரு பங்கு தினைப்புனத்துக்கு, மீதி நாற்பத்தேழும் வானத்தில். மொத்தம் எத்தனை? போட்டுப் பார்த்தேன். நூற்றைம்பத்தாறு கிளிகளும், மூன்றில் இரண்டு பங்கு கிளியும் வந்தன.

"மூணுல ரெண்டு கிளி எப்படிடி பறக்கும்?" என்று நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. "எழுதினவர் தப்பு பண்ணிட்டார். கீழே குறிப்பு போட்டுடு" என்றேன்.

"அவர் பண்ணியிருக்க மாட்டார். நாமதான் சரியா படிக்கல. மைசூர்ல மூலப் புத்தகம் இருக்கு. ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்."

"ஒரு கிளிக்காக மைசூருக்கா?"

நான் விடவில்லை. பரிசோதனை செய்தே பழகியவள், எதிரில் இருப்பதில்தான் குற்றம் இருக்கும் என்று நம்புகிறவள். குரல் உயர்ந்து, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் நீ, "சரி, உன் இஷ்டம்" என்றாய். 'இது மூலநூலின் பிழை' என்று நானே அடிக்குறிப்பு எழுதினேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் நீ மெட்ரோவில் வேறு பெட்டியில் ஏறினாய்.

மறுபடி பேச ஆரம்பித்தபோது உன் உடம்பு கெட்டிருந்தது. நான்கைந்து மாதத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அச்சுப்படிகளை மார்மேல் பரப்பிவைத்துத் திருத்திக்கொண்டிருந்தாய். திங்கட்கிழமை அச்சகத்துக்குத் திருப்பித் தரவேண்டும். எல்லாப் பக்கத்திலும் உன் பென்சில் ஓடியிருந்தது. கிளிப் பக்கத்தில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை. என் அடிக்குறிப்பை நீ அடிக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மைசூர் பஸ்ஸில் ஏறினேன். நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்த பெரியவர், "நிதானவாகி திருகிசி மேடம், ஹாளெ ஹரியுத்தெ" என்றார். மெதுவாகத் திருப்பாவிட்டால் தாள் கிழிந்துவிடும் என்று பயம் அவருக்கு. எனக்கு வேறு பயம். நீ சொன்னதே சரியாக இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் திருப்பினேன்.

அந்த நூலில் எண்களை நேராகச் சொல்வதில்லை, பொருட்களின் பெயரால் சொல்வார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லியிருந்தாய். வேதம் என்றால் நான்கு. அஸ்வம், அதாவது சூரியனின் குதிரை என்றால் ஏழு. ஒன்றாம் இடத்து எண் முதலில் வரும். அதனால் 'அஸ்வவேத' என்றால் நாற்பத்தேழு. ஆனால் கன்னட எழுத்தில் அச்சாகியிருந்த அந்தச் சமஸ்கிருதச் செய்யுளில், 'வ'வின் தலையில் ஒரு கடுகளவு சுழி இருந்தது. நம்முடைய நகலில் அது விழவே இல்லை. விரலை வைத்து, மூச்சைப் பிடித்து, மூன்று தரம் பார்த்தேன். பெரியவரைக் கூப்பிட்டும் காட்டினேன். அவரும் தலையாட்டினார்.

வெளியே ஓடிவந்து போன் செய்தேன். உன் தங்கை எடுத்து உன் காதில் வைத்தாள்.

"அஸ்வ இல்லடி, அஸ்வி. மேல சுழி இருக்கு."

'அஸ்வி, அஸ்வி' என்று இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாய். பிறகு, "அஸ்வினி தேவர்கள். இரட்டையர். ரெண்டு" என்றாய். "அப்போ நாப்பத்திரண்டு. மொத்தம்..."

"மொத்தம் வந்து..."

"சொல்லாத! நானே போடறேன்."

நூலக வாசலில் வெயிலில் நின்று, நீ முணுமுணுத்துக் கணக்குப் போடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி, ஐந்தில் ஒன்று, பத்தில் மூன்று. ஒரு முறை தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாய்.

"நூத்தி நாப்பது."

"கரெக்ட்."

"எல்லாம் முழுக் கிளியா?"

"எல்லாம் முழுசு."

நீ சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, உன் தங்கை போனை வாங்கிக்கொண்டாள். நான் அங்கேயே படியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் நான் வந்தபோது என் அடிக்குறிப்பின் மேல் கனமாக ஒரு கோடு இழுத்துவைத்திருந்தாய். "இப்ப திருப்தியா?" என்று நான் கேட்டேன். "உனக்கு?" என்றாய்.

பதினொரு நாளில் நீ போனாய். புத்தகம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதைக் கையில் வாங்கியபோது அழுதேன், ஆனால் குற்றவுணர்வால் அல்ல. அந்தச் சனிக்கிழமையை நான் தள்ளிப்போட்டிருந்தால் என்ற நினைப்பு இன்றும் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கும். தள்ளிப்போடவில்லை என்ற நிம்மதி அடுத்த நொடியே வந்து சேரும்.

போன மாதம் தொழிற்சாலையில் தர்மபுரிக்காரர் ஒருவர் கடைந்து கொடுத்த தண்டுகளைத் தடிமன் கூடுதல் என்று ஒதுக்க இருந்தேன். கை நின்றது. தடிமனை அளந்த என் மைக்ரோமீட்டரைச் சோதித்தேன். அதுதான் பிசகியிருந்தது. கீழே இறங்கிப் போய், "உங்க வேலை சரியாத்தான் இருக்கு. தப்பு என்னுது" என்றேன்.

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன மேடம், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது.