எந்தப் போன் என்று கேட்டாயே, மனிஷா

ஹெப்பாள், மைசூரு
சனிக்கிழமை காலை

அன்புக் கண்ணு மனிஷாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்து தேசத்துக் கார்க் ஊர் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி டூட்டி முடிந்தால் நன்றாகத் தூங்கி எழுந்து சுகமாக இருக்கவேண்டும். இந்தக் காலத்தில் தாளில் கடிதம் எழுதுகிறாரே அப்பா என்று சிரிப்பாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை கண்ணு. எழுதி முடித்ததும் அம்மா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று குண்டு குண்டாக எழுதியிருக்கிறேன், புரியாத இடத்தில் வாய்விட்டுப் படி, புரிந்துவிடும். வியாழக்கிழமையே அம்மா உன்னைக் கூப்பிடப் போனாள், நான்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். என் வாயால் கெட்டதை நானே சரிசெய்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டாள், இப்போது சமையல்கட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள்.

முதலில் போன் விஷயம். சாம்சங்கில் பெரியது ஒன்று, பிக்சலில் பெரியது ஒன்று, இரண்டில் எது வேண்டும் சொல்லுங்கள் அப்பா என்று நீ மெசேஜ் போட்ட நாளிலிருந்து நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கம்பெனிக்குப் புது பிரஸ் மெஷின் வாங்கியபோது இஞ்சினியர்கள்கூட இவ்வளவு கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். ஒன்றில் பேனா உள்ளேயே செருகியிருக்கிறது, தூரத்துக் கோபுரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டுகிறது. இன்னொன்று முகத்தை வெள்ளையடிக்காமல் நம் நிறத்திலேயே எடுக்கிறது. எது சூடாகிறது, எது கனம், எது எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கிறது, எல்லாம் யூட்யூபில் பார்த்தேன். அதில் பேசுகிறவர் சொல்வது எனக்குப் பிடிபடாது, கீழே ஓடுகிற எழுத்தை மட்டும் நிறுத்தி நிறுத்திப் படிப்பேன். என்னோடு முப்பது வருஷம் பக்கத்து மெஷினில் நின்ற மல்லப்பனிடமும் கேட்டேன். அவன், "சாம்சங்கே தகோப்பா, கண்ண மூடிட்டு வாங்கு" என்றான். அவன் மகன் பிக்சல் வைத்திருக்கிறான், நானும் அதையே வாங்கிவிடக்கூடாது என்று அப்படிச் சொல்கிறானோ என்று ஒரு சந்தேகம். ஆனால் நான் இவ்வளவு ஆசையாகப் பார்த்ததற்குக் காரணம் கேமராவும் இல்லை பேனாவும் இல்லை. விலை கூடிய போன் என்றால் சத்தம் தெளிவாக வரும், அதில் பேசினால் நீ சொல்வது எனக்குக் கேட்கும் என்று நினைத்தேன். அதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆமாம் கண்ணு, எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. நேற்று முந்தாநாள் வந்ததில்லை, நாலைந்து வருஷம் இருக்கும். குக்கர் விசில் போனது. அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டால் போனது. நீ வீடியோவில் பேசும்போது உன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், நீ சிரித்தால் நானும் சிரிப்பேன், நீ நிறுத்தினால் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன். வெளியே சொன்னால் கம்பெனியில் ரிட்டயர் ஆனபின் கிடைத்த இந்த அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் வேலை போய்விடுமோ என்று பயம். அதைவிட, செவிட்டு அப்பன் என்று ஆகிவிடுமே என்கிற வெட்கம்தான் பெரிசு. பழைய போனில்தான் கோளாறு, என் காதில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேன்டீன் டூட்டி முடிந்து அம்மா கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். அங்கே சோனியா என்று ஒரு பெண் வேலை செய்கிறாள், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள் இருப்பாள், தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறாள். இரண்டு போனையும் மேஜைமேல் வைத்தாள். நான் படித்து வைத்திருந்ததையெல்லாம் கேட்டேன், அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். கடைசியில் ஒரு காரியம் செய்தேன். ஒரு பொம்பளை பேசுகிற வீடியோ போடம்மா, இரண்டிலும் போடு, சத்தத்தை முழுசாக வை என்றேன். முதலில் சாம்சங்கைக் காதோடு வைத்துக் கேட்டேன், அப்புறம் பிக்சலை. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அந்த அளவுக்குச் சத்தம். எனக்கு ஏதோ இரைகிறது, வார்த்தை ஒன்றும் இல்லை. இரண்டு போனும் ஒரே மாதிரிதான், கண்ணு. இரண்டிலும் ஒரே மாதிரி கேட்கவில்லை. கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெண் ஏதோ கேட்டாள், நான் ஆமாம் என்றேன். திரும்பவும் கேட்டாள், ஆமாம் ஆமாம் என்றேன். அம்மா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "ஏனுங்க, அந்தப் புள்ள என்ன கலர் வேணும்னு கேக்குது, நீங்க ஆமாங்கறீங்களே, என்னாச்சுங்க உங்களுக்கு?" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

சோனியாவுக்குப் புரிந்துவிட்டது. நல்ல பெண், எல்லார் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. தன் சொந்தப் போனை எடுத்து எதையோ தட்டி, தன் வாய்க்கிட்டே வைத்துப் பேசிவிட்டு என்னிடம் நீட்டினாள். அவள் பேசினது அத்தனையும் தமிழ் எழுத்தாக அதில் ஓடியிருந்தது. "அங்கிள், உங்களுக்குக் காது கேட்கலையா, பரவாயில்லை, எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று இருந்தது. நான் படித்தேன். தலையாட்டவில்லை. இல்லைம்மா, கேட்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் மூச்சு சுலபமாக வந்தது.

அம்மா அந்தப் போனை வெடுக்கென்று வாங்கினாள். அவள் பேசப் பேச எழுத்து ஓடுகிறது, நான் படிக்கிறேன். "அப்படின்னா உகாதிக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை புள்ள கேட்டது உங்களுக்குக் காதுல விழுந்துச்சா இல்லையா? வானத்தைக் கட்டிக்கட்டுமான்னு கேட்டாளே" என்று எழுத்து வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, வானத்தை எதற்குக் கட்டவேண்டும்? அம்மா திரையைப் பார்த்துவிட்டு, சொன்ன பெயரைப் போன் தப்பாக எழுதியிருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டாள். சோனியா ஒரு பில் தாளின் பின்பக்கத்தையும் பேனாவையும் கொடுத்தாள். அம்மா எழுதினாள்: வாமன். மனிஷா கூட வேலை பாக்கற பையன். கட்டிக்கட்டுமான்னு கேட்டா. நீங்க வேண்டாம்னு சொன்னீங்க.

அந்தத் தாள் இப்போது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா டூட்டிக்குப் போயிருந்தாள், நான் மட்டும் வீட்டில். புதுப் போன் வாங்கி அனுப்புகிறேன் என்று நீ முதலில் சொன்னாய், அது எனக்குப் புரிந்தது, ஏனென்றால் உன் போனைத் தூக்கிக் காட்டிச் சொன்னாய். அதற்குப் பிறகு நெடுநேரம் பேசினாய். நான் இன்னும் போனைப் பற்றித்தான் பேசுகிறாய் என்று நினைத்தேன். சம்பாதிப்பதை எல்லாம் இப்படி எங்களுக்கே செலவழிக்கிறாளே என்று, அதெல்லாம் வேண்டாம் கண்ணு, நம்ம வீட்டுக்கு அது ஒத்து வராது, இனி அந்தப் பேச்சை எடுக்காதே என்றேன். உன் முகம் ஒரு மாதிரி ஆனதைப் பார்த்தேன். நெட் சரியில்லை, படம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நினைத்துப் பார், அவ்வளவு பெரிய கேள்விக்கு உன் அப்பன் போன் விலையை யோசித்துப் பதில் சொல்லியிருக்கிறான். நீயும் அம்மாவிடம், அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அவரிடம் சண்டை போடாதே, என்மேல் சத்தியம் என்று வாயை அடைத்துவிட்டாயாம். மூன்று மாசமாக அம்மா எனக்குத் தட்டை டொக்கென்று வைத்ததற்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது. நீயும் வாராவாரம் கூப்பிட்டு, சாம்சங்கா பிக்சலா என்பதைத் தவிர வேறு ஒன்றும் என்னிடம் பேசவில்லை. வேண்டாம் என்று சொன்ன அப்பனுக்கு ஒரு நல்ல போனாவது இருக்கட்டும் என்று பணமும் அனுப்பியிருக்கிறாய். உன் மனசை நான் என்ன சொல்வேன்.

உடனே உன்னைக் கூப்பிடாமல் ஏன் ஒரு நாள் தள்ளினேன் என்று கேட்பாய். காது கேட்கவில்லை என்று இப்போது சொன்னால், மழுப்புகிறார் என்று நினைத்துவிடுவாயோ என்று பயமாக இருந்தது. அதனால் நேற்றுக் காலையிலேயே அம்மா லீவு போட்டு, மானசகங்கோத்ரியில் இருக்கிற ஸ்பீச் அண்ட் ஹியரிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கெங்கிருந்தோ ரயிலேறி அங்கே வருகிறார்கள், நான் இத்தனை வருஷம் அந்த கேட் முன்னாலேயே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். நான் விரலை வைத்துக் காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்துத்தான், சத்தம் வந்து போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ரிப்போர்ட்டில் ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள், பாதி வரைக்கும் நேராக வந்து அப்புறம் சரிவில் இறங்கிவிட்டது. தடித்த சத்தம் கேட்கும், மெல்லிசான சத்தம் போய்விட்டது, மெஷின் இரைச்சலில் நின்றவர்களுக்கு இப்படித்தான் ஆகும் என்று அந்த டாக்டரம்மா எழுதியே காட்டினார். கம்பெனியில் காதடைப்பான் கொடுத்தார்கள், நான்தான் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன், மெஷின் சத்தம் மாறினால் தெரியாது என்று. மல்லப்பன் பேச்சு எனக்குக் கேட்கிறது, பஸ் ஹாரன் கேட்கிறது, ஆனால் என் காதைவிட்டு முதலில் போனது உன் குரல்தான் மனிஷா. உன் பெயரில்கூடக் கடைசி எழுத்து எனக்குக் கேட்பதில்லையாம். நான் கூப்பிடும்போது நானாகத்தான் சேர்த்துக்கொள்கிறேன்.

இரண்டு காதுக்கும் மெஷின் வைக்கலாம், நன்றாகவே கேட்கும் என்றார்கள், அளவெடுத்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு வாரத்தில் வந்துவிடும். அதனால் எந்தப் போன் என்று நீ கேட்டதற்குப் பதில், இரண்டும் வேண்டாம். நீ அனுப்பிய பணத்தைக் காதுக்கு எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பேசுவதை எழுதிக் காட்டுகிற அந்த ஆப்பை சோனியா என் பழைய போனிலேயே போட்டுக் கொடுத்துவிட்டாள், ஒரு பைசா வாங்கவில்லை, ஒரு போனும் விற்காமலே எங்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். அம்மா போனில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, என் போனைப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொள்வேன், நீ கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசினால் போதும்.

இனி வாமன். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அன்றைக்கே காதில் விழுந்திருந்தால் உடனே சரி என்றிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோயில் பக்கத்து வீடு, வெங்காயம்கூடச் சேர்க்காத ஐயங்கார் குடும்பம் என்று அம்மா சொல்கிறாள், நம் வீட்டிலோ ஞாயிறானால் கறிக்குழம்பு. ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், மல்லப்பனிடம் புலம்பியிருப்பேன். ஆனால் அந்த ஒரு வாரம் கழித்து உன்னைக் கூப்பிட்டிருப்பேன் கண்ணு. யோசித்துத்தான் சொல்லியிருப்பேன். இந்த இரண்டு ராத்திரியும் யோசித்தேன். நீ காய்ச்சலில் கிடந்தபோது டூட்டி முடிந்து மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான் என்றும், உனக்காக நம் வீட்டுத் தமிழில் பேசப் பழகியிருக்கிறார் என்றும் அம்மா எழுதிக் காட்டினாள். எனக்கு முழுச் சம்மதம். வாய்தவறிச் சொல்லவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன். அவர் அப்பா பராசரனையும் அம்மாவையும் நீ சொல்கிற நாளில் நாங்கள் இருவரும் போய்ப் பார்க்கிறோம். அவர்கள் என்ன சொன்னாலும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், என் காதில் மெஷின் இருக்கும், ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு வருகிறேன்.

ஒரே ஒரு பயம்தான். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, எனக்காகக் காத்திருக்காதே என்று நீ அவரிடம் சொல்லிவிட்டாயாம், அவரும் இந்த மாசக் கடைசியில் டப்ளினுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறாராம். இன்னும் பத்து நாள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக்காட்டு, என் காது ரிப்போர்ட்டையும் அம்மா அனுப்புகிறாள், அதையும் காட்டு. ஆறுமுகசாமி மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

சாமுண்டி அம்மன் உன்னைக் கண்ணைப்போல வைத்துக் காக்கட்டும். நீ நினைத்தது நடந்து, மனசு நிறைந்து, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, நைட் டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. படித்து முடித்ததும் உடனே எங்களைக் கூப்பிடவேண்டாம். முதலில் வாமனைக் கூப்பிடு. நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறோம்.

உன் அப்பா,
ஆறுமுகசாமி