மஞ்சள் அரிசியோடு போன செம்மண் பாதை

எங்கே இருந்தாலும் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்காரு, என் பிரியமான வேலு மச்சான்,

உன் கருமாதி முடிந்து வந்தவர்களெல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உன் தங்கச்சி செல்லம்மா உள்ளே படுத்திருக்கிறாள். உன்னோடு பேசாமல் இத்தனை நாள் இருந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஊர்ச் செய்தி. என் பேத்தி கவிதா புதுசாக ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறாள். தடித்த சக்கரம், கல்லும் மண்ணுமான பாதைக்கென்றே செய்ததாம். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு புக்கிட் ரோத்தானில் கிளம்பி, ஈஜோக் வழியாகப் பத்தாங் பெர்ஜுந்தை போய், ஈயம் தோண்டிய பழைய குட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஆற்றோரமாகத் திரும்பி வந்தாளாம். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு. "சும்மா ஜாலிக்குத்தான் தாத்தா," என்கிறாள். வேறு வழியில்லாமல் நாம் மிதித்த பாதையில் இந்தப் பிள்ளைகள் ஆசைப்பட்டுப் போய் இடுப்பை ஒடித்துக்கொள்கிறார்கள். நீ கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

அது உன்னுடைய பாதை என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு என்ன, யாருக்குமே தெரியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மலாயாவில் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கம்யூனிஸ்ட்கள் காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட காலம் அது. நம் ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் துப்பாக்கிக் காவல். காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக் கூடாது. பால் வெட்டப் போகிறவர்கள் பகல் சோற்றைக்கூட எடுத்துப் போக முடியவில்லை. சைக்கிள் பம்பைக்கூடக் கழற்றிப் பார்ப்பார்கள். பிடிபட்டவனை உள்ளே தள்ளுவார்கள், பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த உனக்கும் எனக்கும் இந்தியாவில் யாரைத் தெரியும்?

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கும் செல்லம்மாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. மாமன் மகள் என்பதால் இரண்டு வீட்டுக்கும் ஒரே சொந்தம், ஒரே அழைப்பு. சொந்தமெல்லாம் அந்த வட்டத்துத் தோட்டங்களில் சிதறிக் கிடந்தது. பத்தாங் பெர்ஜுந்தைப் பெரியப்பா, நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத கல்யாணத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். ஒரே நாளில் எல்லோரையும் அழைத்துவிட்டு, ஊரடங்குக்கு முன் வேலிக்குள் வந்துவிட வேண்டும். நீ துணைக்கு வந்தாய்.

உன் அம்மா, என் அத்தைதான் தாம்பூலத்தை மூட்டை கட்டிக் கொடுத்தார். "கஞ்சி, சோறு எதுவும் வச்சிறாதம்மா," என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். அத்தையும் வைக்கவில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, சந்தனம், குங்குமம் வைத்தார். கூடவே, கல்யாணத்துக்கு அழைக்கிற வழக்கப்படி, ஒரு பிடி மஞ்சள் அரிசி. சாமிக்கும் சுபகாரியத்துக்கும் வைக்கிற அட்சதை அவர் கண்ணுக்கு அரிசியாகவே தெரியவில்லை. நமக்கு மட்டும் தெரிந்ததா என்ன? வாசல் காவலரும் தெரிந்தவர். மூட்டையை அமுக்கிப் பார்த்து, கல்யாணமா என்று சிரித்துவிட்டு வழிவிட்டார்.

ஈஜோக் போகிற செம்மண் பாதையில் சரளைக்கல் சைக்கிளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நீ எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாய்.

"மாப்ள, நில்லு. ஒன் கேரியர்லேருந்து மஞ்சளா என்னமோ கொட்டிக்கிட்டே வருது."

இறங்கிப் பார்த்தபோதுதான் இருவருக்கும் உறைத்தது. அதே நேரம் முன்னால், குட்டைக்கரை வளைவில், பட்டாளத்து லோரி ஒன்று பாதையை மறித்து நின்றது. அவர்கள் நம்மைப் பார்த்துவிட்டார்கள். திரும்பி ஓடினால் சுடுவார்கள். அரிசியைப் புதரில் கொட்டினால் காட்டுக்காரர்களுக்கு வைத்ததாகிவிடும். நான் லோரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீதான் செயின் கழன்றவனைப் போல சைக்கிளோடு குந்தினாய். மூட்டையை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாய்.

"நான் தின்னுர்றேன்."

"பாதி எனக்குக் குடு மச்சான்."

"சும்மா இரு. வாயில மஞ்சளோட நீ மாட்டுனா கல்யாணமே இல்ல. நான் மாட்டுனா பந்தியில ஒரு எல கொறையும், அவ்ளோதான் லா."

அந்த அரிசி முழுவதையும் நீ அரைகுறையாக மென்று விழுங்கினாய். தண்ணீர் இல்லை. தொண்டை அடைத்துக் கண்ணில் நீர் வழிந்தது. உதடு, பல், நாக்கு எல்லாம் மஞ்சள். அதன்மேல் வெற்றிலையையும் பாக்கையும் திணித்து, சுண்ணாம்பை அள்ளிப் போட்டு மென்றாய். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஆரத்தித் தட்டில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், லோரியோடு நின்ற பட்டாளத்துத் துரைக்குத் தெரியாது. உன் வாய் செக்கச் செவேலென்று ஆனது.

மூட்டையை உதறிப் பார்த்தார்கள், பம்பைக் கழற்றினார்கள். மஞ்சள் பட்ட துணியை முகர்ந்து பார்த்த சிப்பாய் உன் வாயைத் திறக்கச் சொன்னான். நீ நன்றாகவே திறந்தாய். வெள்ளைக்காரத் துரை முகத்தைச் சுளித்துக்கொண்டு, போ போ என்று கையை வீசினார்.

அதற்குப் பிறகு மூச்சுவிடாமல் மிதித்தோம். ஒவ்வொரு வீட்டிலும் நீ சிரித்துப் பேசித்தான் அழைத்தாய். "மஞ்ச அரிசி எங்கடா?" என்று பெரியப்பா கேட்டே விட்டார்.

"ஒங்க பங்கு எங்கிட்ட பத்திரமா இருக்கு பெரியப்பா. கல்யாணத்துக்கு வாங்க, ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போகலாம்," என்றாய். அவரும் வந்தார்.

வெளிச்சம் இருக்கும்போதே வேலிக்குள் வந்துவிட்டோம். வீட்டுக்குப் போகும் முன் என் தோளைப் பிடித்து நிறுத்தினாய். "அம்மாவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிரும். செல்லம்மாகிட்டயும் மூச்சு விடாத. நம்ம கல்யாணத்தால அண்ணனுக்கு இப்படி ஆகப் பாத்துச்சேன்னு ஆயுசுக்கும் நெனச்சு அழுவா," என்றாய். நான் சத்தியம் செய்தேன். அத்தை கடைசிவரை, எல்லாம் முறைப்படி நடந்தது என்ற நிறைவோடுதான் கண்ணை மூடினார்.

நேற்று அந்தச் சத்தியத்தை மீறிவிட்டேன் மச்சான். நீயே போன பிறகு யாருக்காகக் காப்பது? செல்லம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று துண்டைக்கூடக் கையில் வைத்திருந்தேன்.

"தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"அன்னைக்குச் சாயங்காலம் லயத்துக்குப் பின்னால கொழாயடியில அண்ணன் வாந்தி எடுத்துச்சு. முழுசு முழுசா அரிசி. நான்தான் தலையப் புடிச்சிக்கிட்டேன், தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். விடாமக் கேட்டதும் நடந்ததச் சொல்லுச்சு. 'மாப்ளைக்குத் தெரியவேணாம், சங்கடப்படுவாரு'ன்னுச்சு. சரின்னுட்டேன்."

பார்த்தாயா உன் வேலையை? அவளிடம் மறைக்கச் சொல்லி என்னிடம் சத்தியம், என்னிடம் மறைக்கச் சொல்லி அவளிடம் சத்தியம். ஒரே பாயில் படுத்து, நாலு பிள்ளை பெற்று, ஆளுக்கொரு பக்கம் உன் நன்றியைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். நேற்றுதான் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து உனக்காக அழுதோம். நடுவில் சிரிக்கவும் செய்தோம்.

உனக்கு நேரில் ஒரு நன்றி சொன்னதில்லை. சொன்னால் நீ கேலி செய்தே கொன்றிருப்பாய். இப்போது சொல்கிறேன், மறுக்க முடியாது உன்னால். செல்லம்மா, பிள்ளைகள், மண் பாதையில் சைக்கிள் ஓட்டித் திரிகிற அந்தப் பேத்தி, இந்த வீட்டில் கேட்கிற சத்தமெல்லாம் நீ கொடுத்தது. மனசு நிறைந்து சொல்கிறேன், நன்றி மச்சான்.

உன் தங்கச்சிக்கு இப்போது முட்டி வலி. எழுந்திருக்கும்போது இன்னமும் "அண்ணே" என்றுதான் முனகுகிறாள். அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் முன்னால் வரமாட்டேன். அவளை நல்லபடியாக அனுப்பி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். இது என் கையில் இல்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் வாக்குக் கொடுக்கிறேன்.

உன் அத்தை மகன்,
செல்லம்மா வீட்டுக்காரன்,
முனியாண்டி