தகடு மூடியே இருக்கட்டும்

தமாம்
3-8-97

அன்புள்ள அம்சாவுக்கு,

சவுதி வந்து சேர்ந்தேன். சாப்பாடு பரவாயில்லை. வெயிலைப் பற்றிச் சொல்லி முடியாது. நலம் விசாரித்து நாலு வரி எழுத எனக்கு வராது, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கிளம்புகிற அவசரத்தில் அடுப்பைப் பற்றிப் பாதிதான் சொன்னேன். கேஸுக்குப் பதிவு செய்து இரண்டு வருஷம் ஆகிறது, எப்போது வருமோ. அதுவரை அம்மா ஊதாங்குழலோடு இருமிக்கொண்டு கிடக்கக் கூடாது என்றுதான் கடைசிப் பத்து நாளையும் அடுப்பு கட்டவே செலவழித்தேன். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் புருஷன் ஊருக்குப் போகும்போது சேறு பிசைந்துகொண்டு இருக்கிறானே என்று நீ மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாய். போகட்டும். இப்போது அதை ஒழுங்காகப் பயன்படுத்து.

வேலிக்காத்தான் விறகு வாங்கினால் ஒரு மாசம் காயவைத்த பிறகுதான் எரிக்க வேண்டும். மெல்லியதாகப் பிளந்துகொள். மூன்று துண்டுக்கு மேல் செருகாதே, காற்று போக இடம் வேண்டும். மண்ணெண்ணெய் டின்னை அடுப்புப் பக்கம் வைக்காதே. மாசம் ஒருமுறை புகைக் குழாயைத் தட்டிக் கரியை எடுத்துவிடு.

குழாயில் ஒரு இரும்புத் தகடு செருகியிருக்கிறேன் அல்லவா, அதுதான் முக்கியம். தீ எரியும்போது அதை வெளியே இழுத்து வை. சமையல் முடிந்து தணல் மட்டும் மிஞ்சியதும் தகட்டில் போட்டிருக்கிற சிவப்புக் கோடு வரைக்கும் உள்ளே தள்ளிவிடு. வழி அடைபட்டுவிடும், சூடு ஆகாசத்துக்குப் போகாமல் அடுப்பிலேயே நிற்கும். விறகில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கம்பெனி பாய்லரில் இப்படித் தகட்டை ஏற்றி இறக்குவதுதான் தினம் என் வேலை, சந்தேகம் வேண்டாம்.

மாணிக்கவேல்

*

செவிலிமேடு
20-8-97

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சா எழுதுவது. நீங்கள் விசாரிக்காவிட்டாலும் நானும் அத்தையும் சௌக்கியம்தான். அத்தைக்கு முட்டி வலி மட்டும் விடவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “ஏம்மா, அவன் பொண்டாட்டிக்கு எழுதனானா, அடுப்புக்கு எழுதனானா?” என்றார்.

கூரைமேல் நிற்கும் குழாய்தான் இப்போது தெருவில் பேச்சு. எதிர்வீட்டு வேலாயுதம் அண்ணன், “இன்னா கங்கையம்மா, வூட்டு மேல ரயிலு வுட்டுக்கினு இருக்கியா?” என்று கேட்டார். அத்தை விடுவாரா? “ஏறுய்யா, அரக்கோணத்துல எறக்கி வுடறேன்” என்றார். ஆனால் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் “என் புள்ள கட்டின அடுப்பு” என்று சொல்லாத நாளில்லை. உண்மையிலேயே உள்ளே புகை இல்லை, மாமா. அத்தையின் இருமல் பாதி குறைந்துவிட்டது. விறகும் குறைவாகத்தான் ஆகிறது.

ஒன்று கேட்க வேண்டும். தகட்டைத் தள்ளிய பிறகு சமையலறையில் உட்கார்ந்தால் எனக்குத் தலை வலிக்கிறது. ஓர் இடத்தில் இல்லை, தலை முழுவதும் கல்லை வைத்த மாதிரி. வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றால் போய்விடுகிறது. அது ஏன்?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அம்சா

*

தமாம்
4-9-97

அம்சாவுக்கு,

காலையில் நீ டீயோடு நிறுத்திக்கொள்கிற ஆள். வெறும் வயிற்றோடு அடுப்படியில் உட்கார்ந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அடுப்பு மூட்டு. உள்ளே புகையே இல்லை என்று நீயே எழுதுகிறாய். புகை இல்லாத இடத்தில் அடுப்பால் எப்படித் தலை வலிக்கும்? கொஞ்சம் யோசித்துப் பார்த்து எழுது.

மற்றபடி இங்கே டபுள் டியூட்டி. ஜூனில் லீவு கிடைக்கும். உனக்கு என்ன வாங்கி வரவேண்டும் என்று எழுது. அதை எழுதாமல் அடுப்பைப் பற்றியே எழுதுகிறாய்.

மாணிக்கவேல்

*

செவிலிமேடு
14-10-97

அன்புள்ள மாமாவுக்கு,

எனக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். நீங்கள் வந்தால் போதும்.

நீங்கள் சொன்னபடி இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறேன். தலைவலி அப்படியேதான் இருக்கிறது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடிப்பதால் சமையலறை ஜன்னலைச் சாத்திச் சாக்கும் தொங்கவிட்டிருக்கிறேன். முட்டிக்கு இதமாக இருக்கிறது என்று அத்தை மதியத்தில் அடுப்புப் பக்கத்திலேயே பாயை விரித்துக்கொள்கிறார். நேற்று எழுந்தபோது தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“தகட்டத் தொறந்து வுடு அம்சா. வெறவு போனா போவுது, அவன் இன்னா வந்து எண்ணிக்கினா இருக்கப்போறான்?” என்கிறார். “உங்கள் பிள்ளைக்கு எழுதிக் கேட்டுவிட்டுத் திறக்கிறேன்” என்றேன். “தகடு தொறக்கறதுக்குக்கூட சவுதியில இருந்து உத்தரவு வரணுமா! நல்லா அமைஞ்சீங்கடி ரெண்டு பேரும்” என்று தலையில் அடித்துக்கொண்டார். வேலாயுதம் அண்ணன் அப்போது வாசலில் இருந்தார், அவருக்கும் சிரிப்பு.

மழை நாளில், ஜன்னல் சாத்தியிருக்கும்போது, தகட்டைத் திறந்து வைக்கலாமா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

அம்சா

*

தமாம்
28-10-97

அம்சாவுக்கு,

இல்லை.

மழையானாலும் வெயிலானாலும் தகடு மூடியே இருக்கட்டும். மழைக்காலத்தில்தான் காய்ந்த விறகு கிடைக்காது, அப்போதுதான் மிச்சம் பிடிக்க வேண்டும். அம்மா எந்த மெஷினை நம்பினாள்? மிக்ஸிக்கே ஒரு மாசம் பயந்தாள். தள்ளாடினது முட்டி வலியால். தைலம் வாங்கிக் கொடு.

பன்னிரண்டு நாள் பிரயாணம் செய்து வருகிற கடிதத்தில் உனக்கு எழுத வேறு விஷயமே இல்லையா? தகட்டைப் பற்றி இனிமேல் கேள்வி வேண்டாம்.

மாணிக்கவேல்

*

தமாம்
20-11-97

அம்சா,

பரமசிவம் அண்ணன் கம்பெனிக்குப் போன் செய்தார். லைன் இரண்டு நிமிஷம்தான் கிடைத்தது. “அம்மா பூட்டாங்கடா. அடுப்பு பக்கத்துலயே” என்றார். அப்புறம் அழுகைதான் கேட்டது.

லீவு கேட்டேன். ஒப்பந்தப்படி பத்து மாசம் முடிய வேண்டுமாம். பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. சூப்பர்வைசரிடம் கத்திப் பார்த்தேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தேன். அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எத்தனை மணிக்கு? தகடு எதுவரை உள்ளே இருந்தது? ஜன்னல்? கதவு? நீ எங்கே இருந்தாய்? வரிசையாக எழுது.

எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். பாய்லர் அறைச் சுவரில் நாலு மொழியில் ஒரு பலகை இருக்கிறது. தணல் இருக்கும்போது புகைவழியை அடைக்காதே, கண்ணுக்குத் தெரியாத, வாசனையில்லாத விஷவாயு சேரும், முதலில் தலை வலிக்கும் என்று போட்டிருக்கிறது. தினம் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். நம் வீட்டுச் சமையலறையை அதோடு சேர்த்து ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை.

நான் கடைசியாக எழுதின கடிதத்தை அண்ணனிடம் காட்டாதே. நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாணிக்கவேல்

*

செவிலிமேடு
6-12-97

மாமாவுக்கு,

வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். வரிசையாகவே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. பதினோரு மணிக்குச் சோறும் ரசமும் ஆகிவிட்டது. தகட்டைச் சிவப்புக் கோடு வரைக்கும் தள்ளினேன். ஜன்னல் சாத்தியிருந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்றார்கள். காற்றில் சமையலறைக் கதவு அடித்துக்கொண்டே இருந்ததால் வெளியே சங்கிலி போட்டுவிட்டுப் போனேன். அத்தை பாயில் படுத்திருந்தார். “வரும்போது ரெண்டு வெத்தல வாங்கிக்கினு வாம்மா. பொகையில வேணாம், அவனுக்குத் தெரிஞ்சா திட்டுவான்” என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

வரிசையில் இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது நன்றாகத் தூங்குகிற மாதிரிதான் இருந்தார். முகம் செக்கச்சிவந்து, உடம்பு தேறினவர் மாதிரி இருந்தது. வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் எழுப்பிக்கொண்டே இருந்தேன்.

கருமாதி அன்று எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் அண்ணன் கேட்டார். “அம்மா தொறக்கச் சொல்லியும் நீ மூடி வச்சன்னு வேலாயுதம் சொல்றாரு. கதவ வேற வெளிய மாட்டிட்டுப் போயிருக்க. இன்னாம்மா இது?” உங்கள் அண்ணி அவரைவிட ஒருபடி மேலே போனார். “புருஷன் ஊருல இல்ல, கெழவி ஒருத்திதான் எடஞ்சல். வேற இன்னா?” என்றார்.

உங்கள் கடிதம் என் ரவிக்கைக்குள்தான் இருந்தது. காட்ட வேண்டாம் என்று நீங்கள் எழுதின கடிதமும் அன்று காலையில்தான் வந்திருந்தது. “நான்தான் மூடினேன்” என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லையே.

அதிலிருந்து நான் தெருக்குழாயில் குடத்தை வைத்தால் அங்கே பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று ஒரு குழந்தை என்னைப் பார்த்து அதன் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

உங்கள் அண்ணனுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள் மாமா. “மூடச் சொன்னது நான்தான்” என்று. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அம்சா

*

தமாம்
20-12-97

அன்புள்ள அம்சாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு தடவை படித்தேன்.

இது கடிதத்தில் சொல்கிற விஷயம் இல்லை. ஜூனில் வந்து அண்ணன் எதிரில் நின்று நானே சொல்கிறேன். அப்பா போன பிறகு என்னைத் தூக்கி நிறுத்தி டிப்ளமோ படிக்கவைத்தவர் பரமசிவம் அண்ணன். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நான்தான் அம்மாவைக் கொன்றேன் என்று எழுதினால் அவர் என்ன ஆவார்? நான் என்ன ஆவேன்? இங்கே தனியாக ஒரு அறையில் கிடக்கிறேன். அதையும் நினைத்துப் பார்.

ஆறு மாசம்தான். நாலு பேர் பேசினால் பேசட்டும், தானாக ஓய்ந்துவிடும். நீ தைரியசாலி.

அடுப்பை இடித்துவிடு. முதலில் கூரைக்கு மேலே குழாயைக் கழற்றிவிட்டு அப்புறம் கீழே கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடு உடையும்.

உன்
மாணிக்கவேல்

*

உத்திரமேரூர்
5-1-98

மாமாவுக்கு,

அடுப்பை இடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். இடிக்க நான் அங்கே இல்லை. அப்பா வந்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுச் சாவிக்கொத்தை உங்கள் அண்ணனிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

தகட்டைப் பற்றி நீங்கள் எழுதினதற்காக எனக்குக் கோபம் இல்லை. தெரியாமல் எழுதினீர்கள். நானும்தான் மூடினேன். தலை வலித்தும் மூடினேன். படித்தவர் சொல்கிறாரே என்று என் தலையை நானே நம்பவில்லை. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அந்தப் பாவத்தில் பாதி என்னுடையதுதான், யார் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் ஜூன் என்று எழுதினீர்களே. அதைத் தெரிந்துதான் எழுதினீர்கள். என் பெயர் தெருவில் என்ன ஆகிறது என்று ஒன்றுவிடாமல் நான் எழுதின பிறகு, ஆறு மாசம் தாங்குவாள் என்று முடிவு செய்தீர்கள். எவ்வளவு சூடு தாங்கும் என்று இரும்பைத்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

உங்கள் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அது உங்களுக்காக இல்லை. “என் புள்ள கட்டின அடுப்பு” என்று ஊரெல்லாம் சொன்ன வாய். அந்தப் பெருமை கெடாமல் அத்தையோடு போகட்டும்.

எனக்கு இனிமேல் எழுத வேண்டாம்.

அம்சா

*

தமாம்
3-3-98

அம்சாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்ட பிறகு இது நாலாவது.

ஜனவரி இருபதாம் தேதி அண்ணனுக்கு எழுதினேன். தலை வலிக்கிறது என்று நீ சொன்னது, அம்மா தள்ளாடினது, திறக்கலாமா என்று நீ கேட்டது, கேள்வி வேண்டாம் என்று நான் எழுதினது, உன் வாயை அடைத்தது, எதையும் விடவில்லை. தெருவில் எல்லோருக்கும் இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்றும் கேட்டிருந்தேன்.

போன வாரம் பதில் வந்தது. நம் வீட்டு வாசலில் நின்று படித்தாராம். பாதிக்கு மேல் முடியாமல் மீதியை வேலாயுதம் அண்ணன் படித்தாராம். அண்ணியோடு உத்திரமேரூர் வந்து உன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டதாகவும், நீ உள்ளேயிருந்து வெளியே வரவில்லை என்றும் எழுதியிருந்தார். எனக்கு ஒரே வரிதான். “இனிமே என் வாசப்படி மிதிக்காத.” அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

இதை அப்போதே எழுதியிருக்கலாம். டிசம்பரில் நீ கேட்டபோது பேனாவும் பேப்பரும் இதே மேஜையில்தான் இருந்தன. அவமானத்துக்குப் பயந்தேன். நான் பயப்பட்டதை நீ சுமந்தாய். வேறு காரணம் சொன்னால் பொய்.

புது மேனேஜர் வந்திருக்கிறார். நேற்றுதான் லீவு கொடுத்தார். பதினாலாம் தேதி மெட்ராஸில் இறங்குகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரவும் அதே சனிக்கிழமை ஆகிவிடும். வராதே என்று நீ எழுதினாலும் எனக்குக் கிடைக்காது. வேண்டுமென்றே அப்படிச் செய்ததாக நினைத்துக்கொள்ளாதே, தேதிகள் அப்படி விழுந்துவிட்டன.

உன் வீட்டுக்கு வரமாட்டேன். அப்பாவைக் கொண்டோ வேறு யாரையும் கொண்டோ சொல்லியனுப்பவும் மாட்டேன். திங்கட்கிழமை, பதினாறாம் தேதி, காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் உத்திரமேரூர் வண்டி வந்து நிற்கிற இடத்தில் காலையிலிருந்து நிற்கிறேன். நீ வர வேண்டும் என்று சொல்லவில்லை. வராவிட்டால் ஏன் என்று கேட்டு எழுதவும் மாட்டேன்.

எத்தனை மணி வரைக்கும் நிற்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாணிக்கவேல்