இடது பக்கத்து மூடி

ஜூலை 12, சனி

அம்மா தூங்கியாச்சு. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

இன்று அப்பாவின் பேட்டரி டிரில்லிங் மெஷினைக் கழற்றினேன். துபாயிலிருந்து கொண்டுவந்து, பீரோ மேலே துணி சுற்றி வைத்திருப்பார். மோட்டாரை உருவிவிட்டு வெறும் கூட்டை மூடி, எடை குறைந்தது தெரியாமலிருக்க உள்ளே மணல் பொட்டலம் வைத்தேன். கூடப் படிக்கிற ஷைஜாவின் யோசனை. "உங்க அப்பா பொங்கலுக்குத்தான வருவாரு. அதுக்குள்ள திருப்பி மாட்டிரலாம்லா ஏட்டி."

போன லீவில் மிக்ஸியைக் கழற்றியதற்கு அப்பா சொன்னது: "இனி ஸ்க்ரூ டிரைவரத் தொட்டா படிப்ப நிறுத்தீருவேன்." சும்மா சொல்லமாட்டார். அக்காவைப் பாதியில் நிறுத்தியவர்தான்.



ஜூலை 20, ஞாயிறு

நண்டு ஓடிவிட்டது!

எங்கள் சண்டை ரோபோவின் பெயர் நண்டு. ஷைஜா வீட்டில் ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட்டில்தான் செய்கிறோம். சக்கரம் சுற்ற, பழைய இரும்பு விற்கும் ஆக்கர் கடையில் வாங்கிய கார் வைப்பர் மோட்டார் இரண்டு. முன்னால் புல்வெட்டும் மெஷினின் பிளேடு. அதைச் சுழற்றுவது அப்பாவின் மோட்டார்.

நல்ல பிடிப்பு இருக்குமென்று சக்கரத்தில் இன்னும் காயாத பச்சை ரப்பர் ஷீட்டைச் சுற்றியிருந்தோம். வெயிலில் அது இளகி, முற்றத்து மண் முழுக்க ஒட்டிக்கொண்டது. ஷைஜாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மண்டைக்காட்டுக் கடப்புறத்து மணல்ல உருண்டுட்டு வந்திருக்குட்டி!" சைக்கிள் டயரை வெட்டிச் சுற்றிய பிறகு சரியானது.

இவளைப்போல ஒருத்தி எனக்குக் கிடைத்ததே பெரிது.

ஜூலை 27, ஞாயிறு

போட்டி விதிப்படி, வெளியிலிருந்து கையால் இழுத்தால் கரண்ட் அறுந்து ரோபோ நின்றுபோகிற மாதிரி ஒரு பிளக் வேண்டும். இடது பக்கம் வைத்து, சின்ன மூடி போட்டோம். ஷைஜா வீட்டில் ரப்பர் பால் உறையவைக்கிற அலுமினியத் தட்டை வெட்டிச் செய்த மூடி.

"மெல்லிசா இருக்கே. ஒரு அடி தாங்குமா?" என்றேன்.

"அதுக்குப் பொறத்த பிளக் இருக்குன்னு ஆருக்குத் தெரியும்? ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான."

மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டோம். பார்த்தால் மூடி இருப்பதே தெரியாது.

ஆகஸ்ட் 9, சனி

தோற்றுவிட்டோம்.

நாகர்கோவிலில், காலேஜ் மைதானத்தில். எதிரில் டெனிஷின் 'கொம்பன்'. டெனிஷ் ஷைஜாவின் மாமா பையன், வேறு ஸ்கூல். கொம்பன் எங்கள் பிளேடு பக்கமே வரவில்லை. சுற்றி வளைத்து நேராக இடது பக்கம் வந்து, முன்னால் நீண்டிருந்த இரும்புத் தண்டால் ஒரே அடி. மூடி கிழிந்து பிளக் தெறித்தது. நண்டு அப்படியே நின்றது. கூட்டம் கத்தக்கூட நேரமில்லை.

ஷைஜா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன்.

இப்போது படுத்துக்கொண்டு யோசிக்கிறேன் — அவனுக்கு எப்படித் தெரிந்தது?

ஆகஸ்ட் 11, திங்கள்

ஷைஜாவிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ?

"பைபிள் மேல சத்தியமா நான் சொல்லல அஸ்வதி" என்றாள். கண் கலங்கிவிட்டது. பிறகு கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். "இப்பிடி சந்தேகப்பட்டா, டிரில்லுக்க கதைய ஒங்க அப்பாட்ட சொல்லிருவேன், கேட்டியா?"

நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். விளையாட்டுக்குத்தானே?

செப்டம்பர் 5, வெள்ளி

ஓணம் லீவு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில்தான் செய்யணும் என்று ஷைஜாவிடம் சொல்லி, நண்டை எங்கள் விறகுப்புரைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அம்மாவிடம் ஸ்கூல் புராஜெக்ட் என்று சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறாள்.

பிளக்கை வலது பக்கம் மாற்றினேன். இடது பக்கத்துப் பழைய மூடியை நிமிர்த்தி, அதே இடத்தில் மாட்டினேன். அதற்குப் பின்னால் ஒயர் எதுவும் இல்லை. ஆக்கர் கடையில் கிடைத்த லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டு மட்டும், போல்ட் போட்டு முறுக்கி.

செப்டம்பர் 19, வெள்ளி

பஸ் ஸ்டாப்பில் வைத்து ஷைஜா கேட்டாள். "பிளக்க மாத்துனியா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இல்ல. எடது பக்கந்தான். தகட்ட மட்டும் நிமித்தி வச்சேன்."

"அது போதும்ட்டி" என்றாள்.

எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமே இல்லை எனக்கு. இந்த மாசம் இது இரண்டாவது.

செப்டம்பர் 27, சனி

இரண்டாவது போட்டி. பிளக் வலது பக்கம் இருப்பதை நடுவரிடம் மட்டும் தனியாகக் காட்டினேன். ஷைஜா என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். மறுபடியும் கொம்பன்.

விசில் ஊதியதும் மனதுக்குள் ஒன்றே ஒன்றுதான் வேண்டினேன். பகவதி அம்மா, அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வரட்டும். முன்னால் வரட்டும், வலது பக்கம் வந்து பிளக்கைப் பிடுங்கிப் போடட்டும். நான் தோற்றுக்கொள்கிறேன். இடது பக்கம் மட்டும் வேண்டாம்.

அது இடது பக்கம்தான் வந்தது. கொஞ்சங்கூடத் தயங்கவில்லை.

லாரிப் பட்டையில் மோதி அதன் தண்டு வளைந்துவிட்டது. நண்டைத் திருப்பி ஒரு அடி கொடுத்தேன். முடிந்தது.

டெனிஷ் என்னைப் பார்க்கவில்லை. ஷைஜாவைப் பார்த்தான். என் தோளில் இருந்த கை எப்போது போனது என்று தெரியவில்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். ஜெயிச்ச சந்தோஷத்துல அழுறேன்னு நெனச்சிருப்பாங்க.

செப்டம்பர் 28, ஞாயிறு

மத்தியானம் அப்பா போன் செய்தார். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. "மக்ளே, எனக்க டிரில்லு எங்க?"

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பீரோ மேலே துணி சுற்றி அப்படியேதான் இருந்தது. மணல் பொட்டலத்தோடு. மேலதான இருக்கு அப்பா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"ரோபோவுக்குள்ள இருக்கு அப்பா. நான்தான் எடுத்தேன்."

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"ஓடுதா?"

"ஓடுது."

"பொங்கலுக்கு வந்து பேசிக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

என்ன பேசுவாரோ. ஆனால் ஷைஜாவிடம் இனி என்னுடைய ரகசியம் ஒன்றும் மிச்சமில்லை.

நாளைக்கு வேறு பெஞ்ச் கேட்க வேண்டும்.